கந்தகம் தின்ற வெள்ளை

2022 நவம்பர் 9, புதன்கிழமை, பிற்பகல் இரண்டு மணி நாற்பது நிமிடம். போடியில் காலையிலிருந்தே சாரல். மேற்கே மலை இருந்த இடத்தில் மலை தெரியவில்லை. அந்த நேரத்தில், அந்த ஈரத்தில், என் மனைவி ரூத்தும் அவள் தோழி பாக்கியமும் மூன்று வருடம் கையால் தைத்த ஒரு வெள்ளைத் துணியை நான் நாசமாக்கினேன்.

நான்தான். வேறு யாரும் இல்லை.

அதோடு நின்றிருந்தால் உங்களைத் தொந்தரவு செய்திருக்கமாட்டேன். எழுபத்தெட்டு வயதில் ஒருவன் துணி கெட்டுப்போன கதையைச் சொல்ல உட்காருவானா? பழி பாக்கியத்தின்மேல் விழுந்தது. விழுந்தது என்றா எழுதினேன்... தானாக விழுந்ததுபோல! நான்தான் அதைத் தூக்கி அவள்மேல் போட்டேன். சபை மண்டபத்தில், ஐந்து பெண்கள் பார்த்துக்கொண்டிருக்க, நிதானமாக, நான்கே சொற்களில்.

அந்தச் சொற்களுக்கு வருகிறேன். முதலில் துணியைச் சொல்ல வேண்டும். அது என்னவென்று தெரியாவிட்டால் நான் எதை அழித்தேன் என்பது உங்களுக்குத் தெரியாது.

ரூத்தின் அம்மா நாகர்கோவில் பக்கம். குண்டூசி குத்திய தலையணைமேல் நூல் சுற்றிய சிறு மரக்கட்டைகளை மாற்றி மாற்றிப் போட்டு லேஸ் பின்னுகிறவர். அவர் இறந்தபின் ஒரு தகரப்பெட்டி நிறைய லேஸ் இவளுக்கு வந்தது. பாக்கியத்தின் அம்மா மலைமேல் ஓர் எஸ்டேட் பங்களாவில் சமையலுக்கு இருந்தவர். அங்கிருந்த துரைக் குடும்பம் கிளம்பியபோது விட்டுப்போன மேசைவிரிப்பு, சன்னல்திரை, ஒரு குழந்தையின் ஞானஸ்நான அங்கி எல்லாம் பாக்கியத்திடம் இருந்தன. ஒருநாள் இரண்டு பெட்டிகளையும் எங்கள் சாப்பாட்டு மேசையில் கவிழ்த்தார்கள். அன்று தொடங்கியது.

இருவரும் வெறும் வெள்ளையில் மலையைத் தைத்தார்கள். ஆறடிக்கு நாலடி. போடியிலிருந்து பார்த்தால் மூடுபனிக்குள் அடுக்கடுக்காக நிற்குமே, அதே மலை. லேஸின் அலைவிளிம்பு மலைமுகடு. ஞானஸ்நான அங்கியின் கழுத்துப்பட்டி அருவி. ஏலத்தோட்டத்து நிழல்மரங்கள் கடுகளவு முடிச்சுத் தையல்கள். ஜீப் பாதை ஒற்றை இழை ஓட்டத் தையல். வளைந்து வளைந்து ஏறி மேகத்துக்குள் போய் மறைந்துவிடும். வெள்ளைத் துணி, வெள்ளை லேஸ், வெள்ளை நூல். வேறு நிறம் ஓர் இழைகூடக் கிடையாது.

பிறகு மலை எப்படித் தெரிந்தது என்கிறீர்களா? வெள்ளை ஒன்றல்ல. பழைய லேஸ் ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாக மூத்திருந்தது. ஒன்று சுண்ணாம்பு, ஒன்று வடிகஞ்சி, ஒன்று தேங்காய்ப்பூ, ஒன்று தந்தம்... எண்ணினேன். எட்டு வெள்ளை. கிட்டத்து மலைக்குப் பழுப்பேறிய லேஸ். அதற்குப் பின்னால் சற்று வெளிறியது. கடைசி மலைக்கு முற்றிலும் வெளிறியது. வெள்ளைக்கும் வெள்ளைக்கும் இருந்த வித்தியாசம்தான் அந்தத் துணியில் தூரம். நடுவே ஓரிடத்தில், உள்ளங்கை அகலத்துக்கு, நன்றாக மஞ்சள் பாய்ந்த ஒரு திரைத்துண்டு.

அந்த மஞ்சளை என்னால் பொறுக்க முடியவில்லை.

என் தொழிலைச் சொல்கிறேன். மதுரையில் வேதியியல் படித்துப் பட்டம் வாங்கினேன். பிறகு முப்பத்தோரு வருடம் போடியில் ஓர் ஏலக்காய் மண்டியில் தரம் பார்த்தேன். ஒரு கை அள்ளித் தட்டில் பரப்பினால் எல்லாக் காயும் ஒரே நிறமாக இருக்க வேண்டும். பச்சைக்குள் நாலு மஞ்சள் கிடந்தால் மூட்டைக்கே விலை இறங்கும். முப்பத்தோரு வருடம் இதையே பார்த்தவன் கண் என்ன ஆகும்? சோற்றுப் பருக்கையைக்கூட நிறம் பார்த்து ஒதுக்குகிறவன் நான்.

"ரூத், இந்த எடம் மட்டும் ஏன் இம்புட்டுப் பழுப்பா இருக்கு?"

"அது வெயில் விழுற எடங்க."

"பனிக்குள்ள ஏது வெயிலு?"

பாக்கியம் நூலைப் பல்லால் கடித்துத் துப்பிவிட்டுச் சொன்னாள்: "அக்கா, அண்ணன விட்டா அந்த மலையவே சல்லடையில போட்டுச் சலிச்சு, எல்லாத்தையும் ஒரே கிரேடாக்கி மூடை கட்டிருவாரு!"

இருவரும் சிரித்தார்கள். ரூத் சிரித்தால் தோள் குலுங்கும். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அந்த வீட்டில் அப்படி ஒரு சிரிப்பு அதற்குமுன் கேட்டதில்லை. நானும் சிரித்தேன். சிரித்தேனா? உதட்டை விரித்தேன்.

அந்த வருடம் செப்டம்பரில் கொச்சியிலிருந்து ஒரு பெண் வந்தார். கைவேலைகளைக் காட்சிக்கு வைக்கும் கூடம் ஒன்றை நடத்துகிறவர். துணியின் முன்னால் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். ஒன்றேகால் மணி நேரம் ரூத்தோடும் பாக்கியத்தோடும் பேசினார். டிசம்பரில் தன் கூடத்தில், தனிச் சுவரில், தனி விளக்குப் போட்டு வைப்பதாகச் சொன்னார். நான் அருகிலேயே நின்றேன். லேஸ் துண்டுகள் இருநூற்றுப் பதினான்கு என்பதை எண்ணிவைத்திருந்தேன். யாராவது கேட்டால் சொல்லலாம் என்று. கேட்கவில்லை. அவர் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று: "சேட்டா, கொறச்சு வெள்ளம் கிட்டுமோ?"

தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன்.

அதனால்தான் செய்தேனா? உங்களைப்போல நானும் பலமுறை என்னைக் கேட்டுவிட்டேன். துணி நன்றாக இருக்கட்டும் என்று செய்தேனா... அதில் என் கையும் பட வேண்டும் என்று செய்தேனா... இரண்டும்தான் என்று ஒருநாள் தோன்றும். இரண்டுமே இல்லை, அந்தச் சிரிப்பை நிறுத்தத்தான் என்று மறுநாள் தோன்றும். எதை நம்புவது? உண்மையைச் சொல்ல உட்கார்ந்தவனுக்கே உண்மை தெரியவில்லை!

அந்தப் புதன்கிழமைக்கு வருகிறேன்.

துணி கொச்சிக்குப் போகும்முன் சபையார் ஒருமுறை பார்க்க வேண்டும் என்று ஆயரின் மனைவி, ஆயரம்மா, கேட்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமை மண்டபத்தில் தொங்கவிடுவதாக ஏற்பாடு. கடைசியாக ஒருமுறை அலசுவதற்குப் பாக்கியம் அதைத் தன் வீட்டுக்குக் கொண்டுபோனாள். ஆலய மேசைவிரிப்பு, ஆயரின் அங்கி எல்லாம் பல வருடங்களாக அவள்தான் துவைத்துத் தேய்த்தாள். அந்த வருமானத்தில்தான் தனியாக இருந்தாள். வீட்டுக்குள்ளேயே காயவைத்த துணியைப் புதன் காலை மடித்து, ஒரு வேட்டியில் சுற்றிக் கொண்டுவந்தாள். ரூத் கண் டாக்டரைப் பார்க்கத் தேனி போயிருந்தாள். நான் மட்டும் இருந்தேன்.

"அண்ணே, இத அலமாரியில வச்சிருங்க. அக்காகிட்டப் பிரிக்க வேணாம்னு சொல்லுங்க, கசங்கிப்போகும். சனிக்கிழம மண்டபத்துல வச்சே ஒரேடியாத் தேய்ச்சுக்கிருவோம்."

"சரிம்மா."

"நீங்களும் பிரிக்காதீங்க! அப்புறம் கிரேடு போட ஆரம்பிச்சிருவீங்க."

சிரித்துக்கொண்டே போனாள். பிற்பகல் இரண்டு மணிவரை பொறுத்தேன். பிறகு பிரித்தேன்.

எங்கள் வீட்டுப் பின்கட்டில் ஆளுயர மரப்பெட்டி ஒன்று இருந்தது. உள்ளே நெருக்கமாகப் பலகை அடித்தது. முன்பு எங்கள் மண்டியில் நிறம் கெட்ட ஏலக்காயை அதற்குள் தட்டு தட்டாக அடுக்கி, அடியில் கந்தகத்தை எரிப்போம். அந்தப் புகை மஞ்சளைத் தின்று காயை வெளுப்பாக்கும். அந்த வழக்கம் நின்றபின் பெட்டியை நான் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். கந்தகம் ஒரு டப்பாவில் மிச்சம் இருந்தது.

துணியின்மேல் தண்ணீர் தெளித்தேன். ஏலக்காய்க்கும் அப்படித்தான், ஈரம் இருந்தால்தான் புகை பிடிக்கும். பெட்டிக்குள் இரண்டு கம்பிகளில் தொங்கவிட்டேன். சட்டியில் கந்தகக் கட்டியை வைத்துக் கொளுத்தினேன். நீலச் சுடர். கதவைச் சாத்தினேன்.

அரைமணி நேரம் கழித்துப் பார்த்தேன். மஞ்சள் பாதி போயிருந்தது. இன்னொரு கட்டி போட்டேன்.

இங்கே நிறுத்தி ஒன்றைச் சொல்ல வேண்டும். நான் அறியாமல் செய்தேன் என்று நீங்கள் நினைத்துவிடக் கூடாது. கந்தகப் புகையும் ஈரமும் சேர்ந்தால் அமிலம். பருத்தியை அமிலம் அரிக்கும். கல்லூரியில் முதல் வருடப் பாடம்! ஏலக்காயைத் தின்கிறவன் தோலைத் துப்பிவிடுவான். துணிக்குத் துப்பத் தோல் ஏது? புகை காட்டிய துணியை உடனே ஏழெட்டுத் தண்ணீரில் அலச வேண்டும் என்பதும் எனக்குத் தெரியும். அலசத்தான் நினைத்திருந்தேன். நாலே காலுக்கு ரூத் போன் செய்தாள். சீக்கிரமே பஸ்சு கிடைத்துவிட்டதாம், போடிக்குப் பக்கத்தில் வந்துவிட்டாளாம்.

அலசினால் காயாது. காயாவிட்டால் தெரிந்துவிடும்.

அலசவில்லை.

மேசைவிசிறி முன்னால் துணியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எப்படி வெளுத்திருந்தது தெரியுமா! ஒரே வெள்ளை. எட்டும் ஒன்றாகிவிட்டது. தட்டில் பரப்பிய முதல்தரச் சரக்குபோல... எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது என்பதையும் சொல்லத்தானே வேண்டும். மலை இருக்கிறதா என்று நான் பார்க்கவே இல்லை. மடித்து, அதே வேட்டியில் சுற்றி, அலமாரியில் வைத்தேன்.

ரூத் வந்தாள். செருப்பைக் கழற்றும்போதே மூக்கைச் சுளித்தாள்.

"என்னங்க, தீப்பெட்டி வாட அடிக்குது?"

"கொசுவுக்குப் பொகை போட்டேன்."

கொசுவாம்!

சனிக்கிழமை சபை மண்டபம். ஆயரம்மாவும் இன்னும் நான்கு பெண்களும் வந்திருந்தார்கள். நான் ஆணியும் சுத்தியலுமாக ஏணிப் பக்கத்தில் நின்றேன். பாக்கியம் நீள மேசையில் துண்டை விரித்து, அதன்மேல் துணியைக் குப்புறப் பிரித்துப் போட்டாள். பூவேலையை எப்போதும் பின்பக்கம்தான் தேய்ப்பார்கள். முன்பக்கம் தேய்த்தால் முடிச்சுகள் நசுங்கிவிடும். பின்பக்கம் எப்போதும்போல வெறும் வெள்ளை. அதனால் யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை. சூடான இஸ்திரிப்பெட்டி ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை போனது. சூடு பட்டால் அமிலம் இன்னும் வேகமாக அரிக்கும் என்பதும் எனக்குத் தெரியும். கையிலிருந்த ஆணிகளை எண்ணினேன்.

"நாலு முனையையும் புடிங்க, திருப்புவோம்," என்றாள் பாக்கியம்.

நாலு பெண்கள் நாலு முனைகளைப் பிடித்துத் தூக்கினார்கள். துணி தன் கனத்துக்கே கிழிந்தது. சத்தம்கூடப் பெரிதாக இல்லை... காய்ந்த வாழைச்சருகை மிதித்ததுபோல. லேஸ் துண்டுகள் மேசைமேல் உதிர்ந்தன. தொட்டால் மாவு.

கிழிந்ததைவிட இன்னொன்றைத்தான் ரூத் முதலில் பார்த்தாள்.

"பாக்கியம்... மலை எங்கடீ?"

"நானும் அதத்தான்க்கா பாக்குறேன்..."

"என்னத்தப் போட்டு அலசுன?"

"சுடுதண்ணியும் பூந்திக்கொட்டையுந்தான்க்கா. சத்தியமா வேற ஒண்ணும் போடல."

"அப்புறம் எப்பிடி இப்பிடி வெளுக்கும்?"

பாக்கியம் என்னைப் பார்த்தாள். "அண்ணன்கிட்டத்தான் குடுத்தேன். அண்ணே, நீங்க பிரிச்சீங்களா?"

"இல்லையே. சுத்துன வேட்டியோட அலமாரியில வச்சேன்."

உங்களுக்கு இன்னொன்று தெரிய வேண்டும். இரண்டு வருடம் முன்பு பாக்கியம் ஒரு பங்களாத் திரையை ப்ளீச்சிங் பவுடரில் ஊறப்போட்டு ஓட்டையாக்கிவிட்டாள். யாரும் கேட்பதற்குமுன் அவளே அழுதுகொண்டு வந்து ரூத்திடம் சொன்னாள். ரூத் அந்த ஓட்டைத் துணியையே வெட்டி அருவியின் தெறிப்பாக வைத்துத் தைத்தாள். அந்த விஷயம் எங்கள் மூவருக்கும் தெரியும். தானாக வந்து தப்பைச் சொன்னவள் அவள்! அதைத்தான் நான் எடுத்துக்கொண்டேன்.

ரூத் உதிர்ந்த லேஸை உள்ளங்கையில் ஏந்தி என்னிடம் நீட்டினாள்.

"நீங்க படிச்சவங்க. பாத்துச் சொல்லுங்க. இது என்னத்தால?"

மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டேன். தூளை இரண்டு விரலால் தேய்த்தேன். முகர்ந்தேன். மண்டியில் ஆயிரம் முறை அப்படிச் செய்திருக்கிறேன். நான் தேய்த்து முகர்ந்து சொன்னால் மறுபேச்சு கிடையாது.

"ப்ளீச்சிங் பவுடர் வேலைதான் இது."

நான்கு சொற்கள்.

பாக்கியம் அழவில்லை. இஸ்திரிப்பெட்டியின் வயரை மட்டும் பிடுங்கினாள். ரூத் அவள் கையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சுவதுபோல் சொன்னாள்: "அன்னைக்கு ஒத்துக்கிட்டேல்ல, இன்னைக்கும் ஒத்துக்கயேன். நான் திட்டவா போறேன்? ஒரு வார்த்த சொல்லு, போதும்."

"செய்யாதத எப்பிடிக்கா ஒத்துக்கிறது?"

"அப்ப இவரு பொய் சொல்றாரா?"

பாக்கியம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் ஏணியை மடக்கினேன்.

கொச்சிக்கு ரூத்தே போன் செய்து வேண்டாம் என்றாள். கிழிந்ததை யாரும் தொடக் கூடாது என்று ஒரு தலையணை உறைக்குள் திணித்துக் கட்டினாள். அதன்பின் அவள் ஊசி எடுக்கவில்லை. சட்டைப் பொத்தான் அறுந்தால் தையல்கடைக்கு அனுப்பினாள்.

பாக்கியத்துக்கு ஊர் ஒரு பெயர் வைத்தது. பவுடர் பாக்கியம். "அவகிட்ட வேட்டியக் குடுத்தா பவுடராத்தான் திரும்பி வரும்" என்று ஆலய வாசலிலேயே சிரித்தார்கள். முதலில் மேசைவிரிப்பை வேறொருத்தியிடம் கொடுத்தார்கள். பிறகு அங்கிகள். பிறகு வீட்டுத் துணிகளும் வருவது நின்றது. ஜனவரியில் வீட்டைக் காலி செய்துகொண்டு மலைப்பக்கம் குரங்கணியில் ஜீப்பு ஓட்டும் மகனிடம் போய்விட்டாள். போகும்போது எங்கள் தெருவழியாகத்தான் போனாள். ரூத் உள்ளேயிருந்து சன்னலைச் சாத்தினாள். சாத்தியபின் அங்கேயே நின்றாள்.

ஒரு வார்த்தை... அப்போது ஒரு வார்த்தை சொல்லியிருந்தால்! சொல்லவில்லை. நாளைக்கு என்று வைத்தேன். நாளைக்கு என்று வைத்த நாட்கள் நானூற்றுக்குமேல் ஆயின. அதற்குள் ரூத் படுத்துவிட்டாள். சிறுநீரகம்.

2024 பிப்ரவரி, ஒரு பகல் பொழுது. கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தேன்.

"ஏங்க, பாக்கியத்துக்குப் போன் போடுங்க."

"எதுக்கு?"

"பாக்கணும் போல இருக்கு. ஆமாக்கா, நாந்தான்னு அவ வாயால ஒரு தடவ சொல்லிட்டா போதும். எனக்கு மனசு ஆறிரும். வெரசாப் போடுங்க."

கூடத்துக்குப் போனேன். போனைக் கையில் எடுத்தேன். பாக்கியம் வந்தால் என்ன ஆகும்? இல்லை என்பாள். இரண்டு பேரும் முகத்துக்கு முகம் பார்த்துப் பேசுவார்கள். புதன்கிழமை என்பாள் ஒருத்தி. தீப்பெட்டி வாடை என்பாள் மற்றவள்... நான் எண்களை அழுத்தவே இல்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றுவிட்டு உள்ளே வந்தேன்.

"டவர் கெடைக்கல ரூத்து. மலைப்பக்கம்ல."

"நாளைக்குப் போடுங்க."

மறுநாளும் டவர் கிடைக்கவில்லை. அதற்கு மறுநாளும். நான்காம் நாள் அவள் கேட்கவில்லை. ஐந்தாம் நாள் போய்விட்டாள்.

அடக்கத்துக்குப் பாக்கியம் வந்தாள். யார் சொன்னார்களோ! கல்லறைத் தோட்டத்துக்கு வெளியே, வாசல் ஓரமாக நின்றாள். எல்லாரும் கலைந்தபின் என்னிடம் வந்தாள்.

"அக்கா கடைசியில என்னையக் கேட்டாளா அண்ணே?"

மண் ஒட்டிய கையோடு நின்ற நான் சொன்னேன்: "நெனவே இல்லம்மா. யாரையும் கேக்கல."

ஏன் அப்படிச் சொன்னேன்? ஆமாம், கேட்டாள் என்று சொல்லியிருந்தால் எனக்கு என்ன குறைந்திருக்கும்? "ஏன் எங்கிட்டச் சொல்லல?" என்று அவள் கேட்பாள். அவ்வளவுதான். அந்த ஒரு கேள்விக்குப் பயந்து, இறந்தவளின் ஆசையை இருக்கிறவளிடமிருந்து திருடினேன்.

இந்த வருடம் ஜூனில் ஒரு ஜீப்பு பேசிக்கொண்டு குரங்கணி போனேன். எது என்னைக் கிளப்பியது என்று கேட்காதீர்கள். மனசாட்சி என்று எழுத ஆசைதான். தனியாகச் சாப்பிட்டுத் தனியாகத் தட்டு கழுவிச் சலித்துப்போனேன் என்பது அதைவிட நிஜம்.

பாக்கியம் முற்றத்தில் காப்பிக்கொட்டை காயப்போட்டிருந்தாள். பத்து வயது கூடியதுபோல் இருந்தாள். எழுந்து நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். "வாங்கண்ணே" என்றாள். அந்த ‘அண்ணே’ இன்னும் இருந்தது. உட்காராமலே சொன்னேன். மரப்பெட்டி, கந்தகம், தெளித்த தண்ணீர், அலசாமல் மடித்தது... எல்லாம். அவள் கொட்டையைக் காலால் கிளறிக்கொண்டே கேட்டாள்.

"ம்" என்றாள். "அந்தச் சோலியெல்லாம் முடிஞ்சு எம்புட்டு நாளாச்சு."

"இன்னொண்ணு இருக்கும்மா. ரூத் கடைசியில உன்னையக் கேட்டா. மூணு நாளு கேட்டா. நான்தான் போன் போடல."

கிளறிய கால் நின்றது.

"கேட்டாளா?"

"கேட்டா."

"என்னையவா? அக்காவா?" முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு காப்பிக்கொட்டையின் மேலேயே உட்கார்ந்துவிட்டாள். துணிக்கு அழாதவள். வேலை போனதற்கு, பெயர் கெட்டதற்கு அழாதவள். நான் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

வெகுநேரம் கழித்து முகத்தைத் துடைத்தாள்.

"எங்கிட்ட எதுக்குச் சொல்றீங்க? நான் செய்யலைன்னு எனக்குத்தான் தெரியுமே. சபையில வச்சுத்தான சொன்னீங்க. அங்கயே போயி, அதே வாயால மாத்திச் சொல்லுங்க."

"மன்னிச்சிரும்மா..."

"அதெல்லாம் கேக்காதீங்க. எனக்குக் காசும் வேணாம், ஒண்ணும் வேணாம். எம் பேர எனக்குத் தாங்க. வர்ற ஞாயித்துக்கிழம நான் வர்றேன். பின்னாடி பெஞ்சில உக்காந்திருப்பேன்."

ஒப்புக்கொண்டேன்.

எங்கள் ஆலயத்தில் நன்றி செலுத்த ஸ்தோத்திரக் காணிக்கை கொடுத்தவர்களின் பெயரை ஆராதனை முடிவில் செயலர் வாசிப்பார். பெயர் வாசிக்கப்பட்டவர் எழுந்து நின்று, விரும்பினால் கர்த்தர் தனக்குச் செய்ததைச் சபைமுன் சாட்சியாகச் சொல்லலாம். மைக் கையில் வர வேண்டுமானால் அது ஒன்றுதான் வழி. அதனால் சனிக்கிழமையே ஓர் உறையில் பணம் வைத்துக் கொடுத்தேன். வீட்டில் பலமுறை சொல்லிப் பார்த்தேன்: பாக்கியம்மேல் தப்பில்லை, துணியைக் கெடுத்தவன் நான், சபையில் பொய் சொன்னவனும் நான். கண்ணாடி முன்னால் தடுமாறாமல் வந்தது.

அவள் வந்திருந்தாள். இரண்டரை வருடம் கழித்து. வெள்ளைச் சேலை, தலையில் முக்காடு. கடைசி பெஞ்சின் ஓரம். அவள் உட்கார்ந்ததும் பக்கத்திலிருந்தவள் சற்றுத் தள்ளி உட்கார்ந்தாள். முன்வரிசையிலிருந்து திரும்பிப் பார்த்து யாரோ எதையோ முணுமுணுக்க, இரண்டு பேர் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

"திரு. தேவசகாயம் குடும்பத்தார், ஸ்தோத்திரக் காணிக்கை இரண்டாயிரம் ரூபாய்," என்று செயலர் வாசித்தார்.

குடும்பத்தார்! எழுந்து நின்றேன்.

"ஐயா, சாட்சி ஏதும் சொல்றீங்களா?"

மைக் என் கைக்கு வந்தது. எதிரே ஆயர். பக்கத்தில் முப்பது வருடமாக எனக்கு எழுந்து இடம் தருகிறவர்கள். சபையார் எல்லாரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். பெரியவர் ஏதோ நல்லது சொல்லப்போகிறார் என்ற முகத்தோடு பார்த்தார்கள். அந்த முகங்களை இழக்க வேண்டும். எழுபத்தெட்டு வயதில், மிச்சமிருப்பது அது ஒன்றுதான்...

"ஒண்ணுமில்ல," என்றேன். "ஸ்தோத்திரம்."

"ஆமென்," என்றது சபை.

உட்கார்ந்தேன். திரும்பிப் பார்க்கத் துணிவு வந்தபோது கடைசி பெஞ்சின் ஓரத்தில் யாரும் இல்லை. வெளியே குரங்கணிக்குப் போகும் பஸ்சின் ஹாரன் கேட்டது. அதுவாக இருக்கலாம், வேறு பஸ்சாகவும் இருக்கலாம்.

இப்போது உங்களிடம் சொல்கிறேன். எவ்வளவு எளிதாக வருகிறது பார்த்தீர்களா? ஏனென்றால் நீங்கள் எங்கள் சபையார் இல்லை. நீங்கள் என்னைப் பார்த்ததில்லை. நாளை தெருவில் என்னைக் கண்டாலும் உங்களுக்கு அடையாளம் தெரியாது. இதுவும் ஒரு கோழைத்தனம் என்று சொல்வீர்கள். சொல்லுங்கள். போடியில் அவள் இன்னும் பவுடர் பாக்கியம்தான். நான் இன்னும் தேவசகாயம் ஐயாதான்.

கணக்குப் பார்க்காமல் எதையும் முடிக்க என்னால் ஆகாது. கந்தகம் வீட்டிலேயே இருந்தது, செலவில்லை. குரங்கணிக்கு ஜீப்பு வாடகை, போகவர, தொள்ளாயிரம். காணிக்கை இரண்டாயிரம். ஆகமொத்தம் எனக்கு ஆன செலவு இரண்டாயிரத்துத் தொள்ளாயிரம் ரூபாய்.